கிலோவுக்கு எவ்வளவு, எத்தனை மில்லி?

ஐதராபாத்
ஞாயிறு

அன்புள்ள கயலுக்கு,

அக்கா எழுதுவது. நீ ஹாஸ்டல் சாப்பாட்டைத் தொடுவதே இல்லை என்று அம்மா போனில் ஒரே புலம்பல். அதை நீங்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், என்னை நடுவில் இழுக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய ஃபார்ம் பி-யை, அதாவது விலங்குச் சோதனைக்கு அனுமதி கேட்டுக் கமிட்டிக்குக் கொடுக்கும் படிவத்தை, முழுக்கப் படித்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இது கணக்கு விவகாரம், காதில் வாங்கினால் நிற்காது. எழுத்தில் இருந்தால் லேப் நோட்டுக்குள் மடித்து வைத்துக்கொள்வாய்.

தலைப்பு நன்றாக இருக்கிறது. ஆவாரம்பூவின் எத்தனால் எக்ஸ்ட்ராக்ட், ஸ்ட்ரெப்டோசோடோசின் கொடுத்துச் சர்க்கரை ஏற்றிய விஸ்டார் எலிகள், 28 நாள். எம்.ஃபார்ம் புராஜெக்ட்டுக்குச் சரியான அளவு வேலை. என்னை உறுத்தியது ஒரே இடம்தான். அந்தப் படிவத்தில் மருந்து செலுத்துவது பற்றி நான்கு கேள்விகள் வரிசையாக இருக்கும்: என்ன பொருள், என்ன டோஸ், எந்த இடத்தில், எவ்வளவு வால்யூம். நீ டோஸுக்கு '200, 400' என்று போட்டிருக்கிறாய். வால்யூமுக்கு 'தேவைக்கேற்ப' என்று எழுதியிருக்கிறாய். யாருடைய தேவைக்கு? எலியின் வயிறு எவ்வளவு கொள்ளுமோ அதற்குத்தானே?

முதலில் அந்த 200, 400-ஐப் பார்ப்போம். தமிழ்நாட்டில் மூலிகை ஆராய்ச்சித் தீசிஸ் எதை எடுத்தாலும் இந்த இரண்டு எண்ணும் இருக்கும். பழகிப்போன கதை இது: ஓ.இ.சி.டி. 423 முறைப்படி எலிக்கு ஒரே வேளையில் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் கொடுப்பார்கள், 14 நாள் பார்ப்பார்கள், ஒன்றும் சாகாது. உடனே அதில் பத்தில் ஒரு பங்கு 200, ஐந்தில் ஒரு பங்கு 400, இரண்டும் 'பாதுகாப்பான டோஸ்' என்று எழுதிவிடுவார்கள்.

423 எதற்காக வந்தது என்று யோசி. 1927-இல் டிரெவன் என்பவர் எல்.டி. 50 கணக்கைக் கொண்டுவந்தார், பாதி விலங்குகளைக் கொல்லும் அளவு எது என்று பார்ப்பது. பல பத்தாண்டுகள் அதற்காக விலங்குகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். அந்தப் பழைய 401-ஆம் வழிகாட்டியை 2002-இல் ஓ.இ.சி.டி. கைவிட்டது. அதன் இடத்துக்கு வந்தவற்றில் ஒன்றுதான் 423. ஒரு படிக்கு மூன்று விலங்குகள், பெரும்பாலும் பெண் எலிகள். தொடங்கும் அளவுகள் 5, 50, 300, 2000 என்று நான்கு படிகள். இந்தப் பொருளை எந்த நச்சு வகுப்பில் வைத்து லேபிள் ஒட்டலாம் என்று கண்டுபிடிப்பதே அதன் வேலை. ஒரே வேளை 2000 கொடுத்து மூன்று எலி பிழைத்தன என்றால், கடும் நச்சு இல்லை என்று சொல்லலாம். தினமும் 400 வீதம் 28 நாள் கொடுத்தால் கல்லீரல் என்ன ஆகும் என்பதை அது சொல்லவே சொல்லாது. அதற்கு 407 என்று தனி வழிகாட்டி இருக்கிறது, 28 நாள் தொடர்ந்து கொடுத்துப் பார்ப்பது. அங்கே உச்ச வரம்பே கிலோவுக்கு 1000 மில்லிகிராம்தான்.

ஆக, பத்தில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்பது வழக்கம். அதன் பின்னால் மருந்தியல் எதுவும் இல்லை. உன்னுடைய எண்ணை நீ வேறு பக்கத்திலிருந்து பிடிக்க வேண்டும்: மனிதன் இதை எவ்வளவு சாப்பிடுவான்?

அமெரிக்க எஃப்.டி.ஏ. 2005-இல் வெளியிட்ட வழிகாட்டியில் கே.எம். என்றொரு காரணி வரும். மனிதனுக்கு 37, எலிக்கு 6, சுண்டெலிக்கு 3. உடல் பரப்பை வைத்துப் போட்ட கணக்கு. சின்ன உடம்பு வேகமாக எரிக்கும், மருந்தையும் வேகமாக வெளியேற்றும். அதனால் கிலோவுக்குக் கிலோ என்று நேராக மாற்றக் கூடாது. எலியின் டோஸை 6.2-ஆல் வகுத்தால் மனித டோஸ், மனித டோஸை 6.2-ஆல் பெருக்கினால் எலியின் டோஸ். சுண்டெலிக்கு அந்த எண் 12.3. விலங்கில் தெரிந்ததிலிருந்து முதல் மனிதச் சோதனைக்குப் பத்திரமான தொடக்க டோஸ் எடுக்கத்தான் அதை எழுதினார்கள். நாம் திருப்பிப் போட்டுப் பயன்படுத்துகிறோம், பரவாயில்லை. உங்கள் லேப் சுவரில் ஒட்டியிருக்கும் பழைய பேஜட்–பார்ன்ஸ் அட்டவணையும் இதே கணக்குதான். மனித டோஸை 0.018-ஆல் பெருக்கினால் 200 கிராம் எலிக்கு உரியது வரும். 500 மில்லிகிராமுக்கு 9 மில்லிகிராம், கிலோவுக்கு 45. கே.எம். வழியில் 70 கிலோ மனிதனுக்குப் போட்டுப் பார், 44 வரும்.

இந்தக் கணக்கைப் போடாமல் விட்டவர்கள் சின்ன ஆட்கள் இல்லை. ரெஸ்வெராட்ராலைச் சுண்டெலிக்குக் கிலோவுக்கு 22.4 மில்லிகிராம் கொடுத்ததில் நல்ல பலன் என்று செய்தி வந்தபோது, மனிதனுக்கு அது தினம் 1344 மில்லிகிராம் என்று 60 கிலோவால் பெருக்கி ஊடகங்களில் பரப்பினார்கள். உடல் பரப்பு வழியில் அது 109 மில்லிகிராம்தான் என்று 2008-இல் ஒரு கட்டுரையில் எழுதித் திருத்த வேண்டியிருந்தது.

இப்போது உன் 400-ஐ எடு. 6.2-ஆல் வகுத்தால் மனிதனுக்குக் கிலோவுக்கு ஏறக்குறைய 65 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்குத் தினம் 3.9 கிராம் எக்ஸ்ட்ராக்ட். உன் ஈல்டு 12 சதவீதம் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் அந்த ஆள் தினமும் 32 கிராம் உலர்ந்த ஆவாரம்பூவை உள்ளே தள்ள வேண்டும். நம் ஆச்சிகூட அவ்வளவு போட்டுக் கஷாயம் வைத்ததில்லை. கமிட்டியில் விவரமான கால்நடை மருத்துவர் ஒருவர் இருந்து இதைக் கேட்டால் நீ என்ன சொல்வாய்? 'முந்தின பேட்ச் தீசிஸில் அப்படித்தான் இருந்தது' என்றா?

என் யோசனை 50, 150, 450. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல மூன்று மடங்கு. 50 என்பது மனிதக் கணக்கில் ஏறத்தாழ அரை கிராம் எக்ஸ்ட்ராக்ட், 4 கிராம் பூ. வீட்டில் உண்மையிலேயே போட்டுக் குடிக்கும் அளவு. அங்கே வேலை செய்தால் உன் ஆராய்ச்சிக்குப் பொருள் உண்டு. 450-இல் மட்டும் வேலை செய்தால் அதையும் ஒளிக்காமல் எழுதலாம். 200, 400 இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டிலும் ஒரே மாதிரி பலன் வந்தால் டோஸ் கூடினால் பலன் கூடுகிறதா என்று உன்னால் சொல்லவே முடியாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்து 2002 வாக்கில் ஆவாரம்பூ பற்றி வந்த கட்டுரையில் 150, 300, 450 என்று பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது நீரில் எடுத்த சாறு, உன்னுடையது எத்தனாலில் எடுத்தது. எண்ணை அப்படியே தூக்கிவர முடியாது, துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மூன்று டோஸ் என்றால் ஆறு எலி கூடும். 30 இருந்தது 36 ஆகும். ஏன் கூடியது என்று ஒரு பத்தி எழுது. காரணம் சொன்னால் கமிட்டி கேட்கும். காரணம் இல்லாத 30 எலியைவிடக் காரணம் உள்ள 36 மேல் என்பது என் கட்சி.

அடுத்து, ஒப்பிட வைத்திருக்கும் சர்க்கரை நோய் மருந்து கிளிபென்கிளமைடு. ஸ்டாண்டர்டு குரூப்புக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் போட்டிருக்கிறாய். 6.2-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கு. 48 மில்லிகிராம்! மனிதனுக்கு ஒரு நாளைய உச்சமே 20 மில்லிகிராம். நீ அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்கிறாய். மனிதனின் 5 மில்லிகிராமுக்குச் சமம் எலிக்குக் கிலோவுக்கு 0.5 தான். 0.5-க்கும் 5-க்கும் நடுவே ஒரு புள்ளி. தீசிஸிலிருந்து தீசிஸுக்குப் போகும் வழியில் அது எங்கே விழுந்ததோ! இன்னொன்று. கிளிபென்கிளமைடு வேலை செய்யக் கணையத்தில் பீட்டா செல் மிச்சம் இருக்க வேண்டும். நீ 55 மில்லிகிராம் ஸ்ட்ரெப்டோசோடோசின் கொடுத்து அதைத்தான் அழிக்கிறாய். கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டுமானால் கால் மணி நேரம் முன்னால் நிகோடினமைடு கொடுக்கும் முறை இருக்கிறது. கைடு மேடத்திடம் கேட்டுப் பார். 'அக்கா சொன்னாள்' என்று போய் நிற்காதே, 'இப்படிச் செய்தால் என்ன மேடம்' என்று கேள்.

கே.எம். எல்லாவற்றுக்கும் விடை என்று நினைத்துவிடாதே. பாராசிட்டமாலை எடு. கிலோவுக்கு 300 மில்லிகிராம் போதும், பட்டினி போட்ட சுண்டெலியின் கல்லீரல் கெட்டுவிடும். எலிக்கு 2 கிராம் வரை ஏற்றினாலும் சில சமயம் அசைவதில்லை. கணக்குப்படி சுண்டெலிக்குத்தான் எலியைவிட அதிகம் தாங்க வேண்டும், நடப்பது நேர்மாறு. காரணம், அந்த மருந்தை நச்சாக மாற்றும் வேகம் சுண்டெலியில் அதிகம். பால் வேறுபாடும் அப்படித்தான். ஹெக்சோபார்பிடால் கொடுத்தால் பெண் எலி ஆண் எலியைவிட வெகுநேரம் தூங்கும். அதனால் கணக்கில் வரும் எண் தொடக்கப் புள்ளி. முடிவு சொல்ல வேண்டியது உன் முன்னால் இருக்கும் விலங்கு.

ஸ்ட்ரெப்டோசோடோசின் பற்றி நீ எழுதியது சரி, ஒரு வரி மட்டும் விட்டுப்போயிருக்கிறது. பி.எச். 4.5 சிட்ரேட் பஃபர், ஐஸில் வைத்தது, கரைத்த உடனே ஊசி. அது சரி. ஆனால் இந்த மருந்து கொடுத்த முதல் நாளில் எலி சாவது பெரும்பாலும் சர்க்கரை ஏறி அல்ல, இறங்கி. அழியும் பீட்டா செல்கள் தங்களிடம் உள்ள இன்சுலினை ஒரேயடியாகக் கொட்டும். ஊசி போட்ட ஆறேழு மணி நேரத்தில் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போகும். நீ காலையில் போட்டுவிட்டு மாலையில் பூட்டிக்கொண்டு வந்தால், மறுநாள் கூண்டில் விறைத்துக் கிடக்கும். அன்று இரவு தண்ணீர்ப் புட்டியில் 5 அல்லது 10 சதவீத குளுக்கோஸ் வைக்க வேண்டும். அதைப் படிவத்தில் எழுது. கையுறை, மாஸ்க் இல்லாமல் அந்த மருந்தைத் தொடாதே. புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. மறுநாள் கூண்டின் உமி மாற்றும் அண்ணனிடமும் சொல்லி வை.

இனி வால்யூம். டோஸைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள், வால்யூமை யாரும் கண்டுகொள்வதில்லை. அனிமல் ஹவுஸில் நான் பார்த்தவரை, எலி மருந்தால் படும் பாட்டைவிட அதைச் சுமந்து வரும் தண்ணீரால் படும் பாடு குறைந்ததில்லை.

ஐரோப்பிய மருந்து நிறுவனங்களின் கூட்டமைப்பு முன்னின்று தயாரித்த வழிகாட்டி ஒன்று 2001-இல் வந்தது. இன்றும் பலர் கையாள்வது அந்த அட்டவணைதான். எலிக்கு வாய்வழி கிலோவுக்கு 10 மில்லி நல்ல அளவு, 40 வரை உச்சம். தோலடியில் 5. வயிற்றறைக்குள், அதாவது ஐ.பி., 10. ரத்தக் குழாயில் ஒரே அழுத்தாகப் போட்டால் 5. தசையில் ஓர் இடத்துக்கு 0.1 மில்லி மட்டும். சுண்டெலிக்கு வாய்வழி 10, தோலடி 10, ஐ.பி. 20. உச்சம் என்பது 'அதுவரை போகலாம்' என்று அர்த்தமில்லை. 60 கிலோ மனிதனுக்குக் கிலோவுக்கு 10 மில்லி என்றால் 600 மில்லி, ஒரு பெரிய சொம்புத் தண்ணீரை ஒரே மடக்கில் தொண்டைக்குள் ஊற்றுவது. 40 என்றால் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் வரும். அதைத் தினமும், 28 நாள்.

கணக்கு எப்போதும் வால்யூமிலிருந்து தொடங்கட்டும். கிலோவுக்கு 10 மில்லி என்று நிறுத்திக்கொள். பிறகு ஸ்டாக்கின் செறிவை மாற்று: 50-க்கு மில்லிக்கு 5 மில்லிகிராம், 150-க்கு 15, 450-க்கு 45. இப்போது 180 கிராம் எலி எந்தக் குரூப்பில் இருந்தாலும் 1.8 மில்லிதான் குடிக்கும். நார்மல் குரூப்பும் டயபெட்டிக் கண்ட்ரோலும் மருந்து சேர்க்காமல், அதைக் கலக்கும் சி.எம்.சி. கரைசலை மட்டும் அதே அளவு குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பலன் மருந்தாலா, வயிறு நிறைந்ததாலா என்று பிரிக்க முடியாது. பாதியாக, 5 மில்லியாகக் குறைக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் 450-க்கு மில்லிக்கு 90 மில்லிகிராம் வேண்டியிருக்கும். உன் எக்ஸ்ட்ராக்ட் அந்தச் செறிவில் கூழாகி ஊசியில் அடைக்குமா என்று எலியைத் தொடும் முன் பீக்கரில் பார்த்துவிடு.

'எலி ஒன்றுக்கு 1 மில்லி' என்று மட்டும் எழுதிவிடாதே. எடை தினமும் மாறும். சர்க்கரை எலி இளைக்கும். 180 கிராம் இருந்தது 140-க்கு வந்தபின்னும் நீ பழைய 1.8 மில்லியையே கொடுத்தால் 150 என்று எழுதிய டோஸ் 193 ஆகிவிடும். தினமும் காலையில் தராசு, பிறகு சிரிஞ்சு.

சஸ்பென்ஷனை ஒவ்வொரு தடவையும் குலுக்கி எடு. இரண்டு நிமிடம் சும்மா வைத்தால் அடியில் படியும். முதல் எலிக்கு மேல்தண்ணீர், கடைசி எலிக்கு அடிவண்டல். அப்புறம் ஒரே குரூப்புக்குள் அவ்வளவு வேறுபாடு ஏன் என்று ஸ்டாட்டிஸ்டிக்ஸைத் திட்டிப் பயனில்லை. கிளிபென்கிளமைடு மாத்திரையை இடித்துப் போடுவதானால் ஒரு மாத்திரையின் மொத்த எடை என்ன, அதில் மருந்து எவ்வளவு என்று பிரித்துக் கணக்கிடு. மாவும் டால்க்கும் சேர்ந்ததுதான் மாத்திரை.

வாய்வழி மருந்து செலுத்தும் கேவேஜ் ஊசி 18 கேஜ், நுனியில் உருண்டைக் குமிழ் இருப்பது. எலியைப் பிடித்து, மூக்கு நுனியிலிருந்து கடைசி விலா எலும்பு வரை ஊசியை வெளியே வைத்து அளந்து ஒரு குறி போட்டுக்கொள். வாயின் ஓரமாக நாக்கைத் தாண்டி விடும்போது தானாக வழுக்கிக்கொண்டு போக வேண்டும். முட்டினால் எடுத்துவிடு, தள்ளாதே. மூக்கில் நீர் வந்தாலோ இருமினாலோ மூச்சுக் குழாய்க்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். ஐ.பி. ஊசியை அடிவயிற்றின் வலப்பக்கம் போடு, எலிக்குச் சீக்கம் இடப்பக்கம் இருக்கிறது. போடும் முன் லேசாகப் பின்னிழு. மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஏதாவது வந்தால் அந்தச் சிரிஞ்சைத் தூக்கி எறி. பழகிய கைக்கே பத்தில் ஒன்றிரண்டு ஊசி குடலுக்கோ கொழுப்புக்கோ போய்விடும். ஊசி பற்றிய பாதிக் கவனம் இடத்தில் இருக்கட்டும்.

36-ஐயும் ஒரே நாளில் தொடங்காதே. உச்ச டோஸை முதலில் ஒன்றிரண்டு எலிக்குக் கொடு. முதல் அரை மணி நேரம் கூண்டு முன்னாலேயே இரு. முதல் நான்கு மணி நேரம் அடிக்கடி போய்ப் பார். மறுநாளும் நன்றாக இருந்தால் மற்றவற்றுக்குப் போகலாம். ரோமம் சிலிர்த்துக் கூனிக்கொண்டு உட்கார்ந்தால் நோகிறது. கண்ணைச் சுற்றியும் மூக்கிலும் செம்பழுப்பாகக் கறை படிந்தால் ரத்தம் என்று பதறாதே. அது போர்ஃபைரின், கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலிருந்து வருவது. எலி முகத்தைத் துடைக்கக்கூட முடியாத அளவுக்குச் சோர்ந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். எடை பத்து சதவீதம் இறங்கினால் குறித்துவை, கைடிடம் சொல். இருபதைத் தொட்டால் நிறுத்துவதென்று முன்கூட்டியே படிவத்தில் எழுதிவிடு. சர்க்கரை ஏற்றிய எலிக்கு இந்த எல்லை எங்கே என்று கமிட்டியின் கால்நடை மருத்துவரிடம் கேட்டே எழுது.

அந்தப் படிவத்தை வெறும் சடங்காக நினைக்கும் பிள்ளைகள் நிறைய. அதைப் பார்க்கும் கமிட்டி, விலங்குகளைக் காக்க 1960-இல் வந்த சட்டத்தின் கீழ் அமைந்தது. கையெழுத்துப் போடும் உறுப்பினர்கள் கேள்வி கேட்கவே உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்காவிட்டாலும் நீயே உனக்குக் கேட்டுக்கொள்.

செய்ய வேண்டியது இதுதான். டோஸ் கட்டத்தில் மூன்று எண், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணம். கிளிபென்கிளமைடு 0.5. வால்யூம் கட்டத்தில் 'தேவைக்கேற்ப' என்பதை அடித்துவிட்டுக் கிலோவுக்கு எத்தனை மில்லி என்று எழுது. குளுக்கோஸ் தண்ணீர் பற்றிய வரியையும் சேர். கைடு கையெழுத்துப் போடும் முன் திருத்திய நகலை எனக்கு அனுப்பு. ராத்திரி பத்து மணிக்கு மேல் அனுப்பினாலும் பார்த்துவிடுவேன்.

அன்புடன்,
அக்கா